எட்டுப்பட்டைக் கடிகாரம்

அரம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செய்யும் லேபில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல் அச்சுப் பெட்டியைத் தலைகீழாகக் கொண்டுவந்து போட்ட கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த லேப் ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தம்மா கையில இருக்கிற அரம் பல்லைத் தேய்க்குது. வாயில இருக்கிற அரம் ஆளையே தேய்ச்சிடுது." அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள் கணவர். சிரிப்புக்காகத்தான் சொன்னார். மாடியில் இருந்த ஓரகத்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சொந்தபந்தம் எல்லோருக்கும் அவள் அரம்தான். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்.

அவள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "ஓரகத்திங்கிற பேரிலேயே கத்தி இருக்கு. கத்தியைத் தீட்ட அரம் வேணும்ல" என்று லேபில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் அவள் முகம் இளகாது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. பெரியவர் குடும்பம் மாடியில், சின்னவர் குடும்பம் கீழே. பெரியவர் இளம் வயதில் வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் பதித்தவர்; பிறகு டைல்ஸ் கடை வைத்தார், கடை பெருத்தது. சின்னவர் அந்தக் கடையின் குடோனைப் பார்த்துக்கொண்டார். வீடு பெரியவர் கட்டியது. இந்த உண்மையை மாடியிலிருந்து யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்படி நடந்துகொள்வதில் ஓரகத்தி கெட்டிக்காரி. மாடி வராந்தாவைக் கழுவிய அழுக்குத் தண்ணீர், கீழே கொடியில் அரம் காயப்போட்ட துணி மேல்தான் எப்போதும் இறங்கும். அரம் மட்டும் லேசுப்பட்டவளா? மாடிப்படியின் முதல் படியிலேயே செருப்பு அலமாரியை நிறுத்தி வைத்தாள். ஓரகத்தி பருத்த உடம்புக்காரி; ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நுழைந்துதான் ஏற வேண்டும். சண்டை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருமே ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அரத்தின் மகள் படித்து முடித்து வெளியூர் வேலைக்குப் போனபோது, "அம்மா, மாடிக்கும் உனக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்க இனி அப்பா மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

பெரியவர் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கியது கடை நன்றாகப் போன ஒரு வருஷக் கடைசியில். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் மாடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஓரகத்தியின் தங்கையும் தங்கை புருஷனும் வந்திருந்தார்கள். தட்டில் சோறு விழுவதற்கு முன்பே ஓரகத்தி மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே குட்டித் தலையணை மாதிரி ஒன்றின் மேல் கடிகாரம் படுத்திருந்தது. வட்டக் கண்ணாடியைச் சுற்றி எட்டுப் பட்டை. மூலைக்கு ஒரு திருகு. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் கட்டுகிற கம்பெனி என்று தங்கை புருஷன் விளக்கம் சொன்னார். கை மாறி மாறி வந்தது. தங்கை பார்த்தாள், தங்கை புருஷன் காதில் வைத்துப் பார்த்தார், சின்னவர் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த அரத்திடம் நீட்டினார்.

"ஐயோ, நீ தொடாதேம்மா" என்று ஓரகத்தி எட்டி வாங்கிக்கொண்டாள். "உன் கையில எந்நேரமும் அந்த மாவும் பொடியும் இருக்கும். கீறல் விழுந்துச்சுன்னா வாங்கின இடத்துக்கேதான் அனுப்பணுமாம்."

சாப்பிட உட்காருவதற்கு முன்னால்தான் அரம் கையை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். நகத்துக்கடியில்கூட ஒன்றும் இல்லை. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். சின்னவர் வெறும் தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"தொட வேண்டாம்க்கா. பார்த்தாச்சு" என்றாள் அரம். "மேல் பக்கம் நேர்க்கோடா தேய்ச்சிருக்கான். ஓரத்துச் சரிவுல மட்டும் கண்ணாடி மாதிரி பாலிஷ். திருகு எட்டும் ஒரே திசையைப் பார்க்குது. நான் தினம் கடைவாய்ப் பல்லுல பண்ற வேலைதான் இது. எனக்கு வேணும்னா நானே ஒண்ணு செஞ்சுக்கிறேன்."

 ஓரகத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "செய், செய். பல்லுக் கட்டுற கையால கடிகாரமும் கட்டு. ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டு வெச்சுக்கலாம்." தங்கை சிரித்தாள், தங்கை புருஷன் சிரித்தார். சின்னவரின் உதட்டோரமும் லேசாகத் துடித்ததை அரம் பார்த்துவிட்டாள். அந்தத் துடிப்புக்கு அவர் அடுத்த ஞாயிறு வரை மௌனத்தைச் சாப்பிட்டார். சிரிக்காதவர் பெரியவர் மட்டும். அவர் கடிகாரத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, அவள் சொன்ன அந்தச் சரிவைத் தேடிக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் அரம் வீம்பை வீணாக்குகிறவள் இல்லை.

பல் செய்கிற விதம் இப்படி: மெழுகில் பல்லைச் செதுக்க வேண்டும். அதைச் சுற்றிக் குழைத்த மாவை ஊற்றி இறுகவிட்டு உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தைப் பாய்ச்சி, ஆறியதும் மாவை உடைத்தால் உள்ளே பல். அதன் மேல் பீங்கான் பொடியைத் தூரிகையால் அப்பி அப்பிச் சுட்டெடுத்தால் சொந்தப் பல் மாதிரியே இருக்கும். இதே வழியில் கடிகாரக் கூட்டையும் வார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. மதியச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் மெழுகுக் கட்டியைத் திறந்தாள்.

லேப் ஓனர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து நின்றார். "இது பல் லேபா, இரும்புப் பட்டறையா?"

"உங்க உலோகம் இல்ல. கழிச்சுப் போட்ட துண்டுகளைத்தான் உருக்குறேன்."

"கழிவும் என் கழிவுதான்."

"அப்போ இத்தனை வருஷம் நான் மூச்சோட உள்ள இழுத்த பொடியும் உங்களுதுதானே? இருமித் தர்றேன், வாங்கிக்கோங்க."

அவர் போய்விட்டார். அவளைப்போல முன்பல் செய்கிற ஆள் அவருக்கு வேறு கிடையாது. அது இருவருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் "மணி என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார். 

முதல் வார்ப்பில் மேல் வளையம் முழுக்கக் குமிழி. சல்லடை மாதிரி இருந்தது. இரண்டாவது, ஆறும்போது முறுக்கிக்கொண்டது; மேஜையில் வைத்தால் நொண்டி நாற்காலி மாதிரி ஆடியது. பல் சின்னது, அதில் தெரியாத முறுக்கல் இதில் தெரிந்தது. உலோகம் பாயும் வழியை ஒன்றுக்கு நாலாக்கி, எதிரெதிரே வைத்து வார்த்தாள். அடுத்தது சமமாக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடிகாரக்காரரிடம் போனாள்.

கடிகாரக்காரர் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, தலை நிமிர்ந்தால் இடிக்கிற இடத்தில் கடை வைத்திருந்தார். அவருக்கும் யாரையும் பிடிக்காது. உடைந்துபோன ஒரு தானியங்கிக் கடிகாரத்திலிருந்து கழற்றிய மிஷின் அவரிடம் இருந்தது, நன்றாக ஓடியது. அவள் கொடுத்த கூட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

"நல்ல வேலை. குப்பையில போடுங்க."

"ஏன்?"

"சாவிக்குத் துளை எங்க போட்டிருக்கீங்க? மிஷின்ல தண்டு இங்க வருது. உங்க துளை அதுக்கு மேல இருக்கு. தண்டு என்ன, மாடி ஏறிப் போகுமா?"

அவளுக்கு முகம் சிவந்தது. எதிர்த்துப் பேச வாயெடுத்தாள், மிஷினைக் கூட்டுக்குள் வைத்துப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆள் சொன்னது சரி. அவள் வாழ்க்கையில் ஒருவர் சொன்னது சரி என்று பேசாமல் எழுந்துபோன நாட்கள் மிகக் குறைவு. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போய், புதிதாக மெழுகு செதுக்கினாள்.

முகப்புதான் அவளைப் படுத்தி எடுத்தது. அசல் கடிகாரத்தில் முகப்பு கருநீலம், குட்டிக் குட்டிச் சதுரங்கள். அவளிடம் இருந்தது பல் பீங்கான். அதில் கருநீலம் ஏது? சரி, பல் நிறத்திலேயே இருக்கட்டும் என்று மெல்லிய தகட்டில் சதுரங்களை வார்த்து அதன் மேல் பீங்கானைச் சுட்டாள். ஆறும்போது டிக் என்று ஒரு சத்தம். விரிசல். மறுபடி சுட்டாள். டிக். லேபில் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். தகட்டின் அடிப்பக்கமும் ஒரு பூச்சு சுட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளும் என்று அவளுக்கே ஒரு நாள் தோன்றியது. அந்தத் தடவை சத்தம் வரவில்லை. எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். "என்ன, காது கேக்கலையா எல்லாருக்கும்?" என்றாள்.

மணி காட்டும் கோடுகளைப் பழுப்புச் சாயத்தில் இழுத்தாள். புகை பிடிக்கிறவர்களுக்குப் பல் செய்யும்போது, பக்கத்துப் பல்லோடு சேர வேண்டும் என்று கறை வரைகிற சாயம் அது. திருகுக்கு, பல் வேருக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் உலோக ஊன்றுகளை லேபில் பொருத்திப் பார்க்கப் பயன்படுத்திவிட்டு எறியும் பொடித் திருகுகள் இருந்தன. மரை போடும் ஊசிகள் அந்த உலோகத்தோடு மல்லுக்கட்டி ஒவ்வொன்றாக ஒடிந்தன. கடைசியில் திருகு எட்டும் ஏறின. ஏழு ஒரே திசையைப் பார்த்தன. எட்டாவது கோணிக்கொண்டு நின்றது. இறுக்கினால் தாண்டிப் போனது, தளர்த்தினால் ஆடியது.

"அவங்களுது முன்னாடி திருகவே திருகாது" என்றார் கடிகாரக்காரர். "அடியில இருந்து நட்டு போட்டு இறுக்குவாங்க. அதான் நேரா நிக்குது."

"அப்போ அது திருகே இல்ல, வேஷம்" என்றாள் அரம். "என்னுது நிஜத் திருகு. கோணலாவே இருக்கட்டும்."

"முகப்புல என்ன பேர் போடுறது? அவங்க பேர் போட ஆள் இருக்கான்."

"பல்லு மேல எவனாவது பேர் எழுதுவானா?"

முகப்பு வெறுமையாகவே இருந்தது.

இதற்குள் மாடியில் செய்தி பழுத்துவிட்டது. அரம் போலிக் கடிகாரம் செய்கிறாள், லேபிலிருந்து பொருளைச் சுருட்டுகிறாள், ஒரு நாள் போலீஸ் வந்து நிற்கப் போகிறது, குடும்ப மானம் போகப் போகிறது என்று ஓரகத்தி போன் போட்டுப் போட்டுச் சொன்னாள். வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, உனக்கு நிஜமாவே வேற வேலை இல்லையா?" அரம் சொன்னாள்: "இருக்கு. அதையும் செஞ்சுக்கிட்டுத்தான் இதையும் செய்றேன்." துணி மேல் இறங்கிய அழுக்குத் தண்ணீர் இப்போது தினமும் இறங்கியது. அவள் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சைக்கிளையும் கொண்டுவந்து சாத்தினாள்.

கடிகாரம் முடிந்தபோது மழைக்காலம் வந்திருந்தது. பை தைப்பவரிடம் கறுப்புத் தோலில் வார் தைத்து வாங்கி மாட்டினாள். சற்றே கனம் அதிகம். நாளுக்குக் கொஞ்சம் முந்தி ஓடும். ஆனால் மேல் வளையத்தில் தேய்த்த கோடுகள் ஒரு முடி பிசகாமல் நேராக ஓடின. சரிவுகளில் முகம் தெரிந்தது. நடுவே அந்த முகப்பு, வெயிலில் பார்த்தால் உள்ளிருந்து ஒளி வருவதுபோல, உயிருள்ள பல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனாள்.

ஓரகத்தி பார்த்தாள். அவள் கண் ஒரு தரம் அந்த எட்டுப் பட்டையையும் சுற்றி வந்தது. "ஐயையே" என்றாள், "கையில பல்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. கடிச்சிடப் போகுது."

"கடிக்கும்க்கா. கிட்ட வராதீங்க."

நாற்காலியிலிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "அந்தச் சரிவெல்லாம் நீயே கையால தேய்ச்சியா? மூலையில ரெண்டு கோடு சேர்ற இடம் பிசிறில்லாம வந்திருக்கே. கொடும்மா, பார்த்துட்டுத் தர்றேன்."

இதற்காகத்தான் அவள் படியேறி வந்திருந்தாள். "வேண்டாம் மாமா. உங்க கையில எப்பவும் சிமென்ட் இருக்கும். கீறல் விழுந்துடும்."

பெரியவர் சிமென்ட்டைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. நீட்டிய கையை அவர் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு போய் உட்கார்ந்தார். ஓரகத்தி கத்த ஆரம்பித்தாள். அரம் நிதானமாகப் படியிறங்கினாள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

அதோடு முடிந்திருக்கலாம். சின்னவர் முடிய விடவில்லை.

சின்னவர் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். எரிகிற வீட்டின் நடுவே நின்று இரண்டு பக்கமும் விசிறிக்கொண்டிருப்பார்; காற்று வரட்டும் என்கிற நல்ல எண்ணம். பகலெல்லாம் குடோனில் அண்ணன் முகம் வாடியிருப்பதைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்தால் இவள் முகம் இறுகியிருப்பதைப் பார்ப்பார். அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

பெரியவர் ஊரின் மறுமுனையில் இரண்டாவது கடை திறந்த அன்று, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அரம் லேபுக்குப் போனாள். லேபுக்குக் கடிகாரம் கட்டிப்போவது இல்லை. அங்கே மணல் பீச்சும் மிஷின் எதையும் விட்டுவைக்காது. அலமாரியில் ஒரு டப்பாவில் பஞ்சு போட்டு அதில் வைத்துவிட்டுப் போவாள். அன்று உலை பழுதானதால் மதியமே திரும்பிவிட்டாள். அலமாரியைத் திறந்தாள். பஞ்சு இருந்தது. கடிகாரம் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு போக வந்திருந்த சின்னவர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டப்பா காலியா இருக்கு."

"எந்த டப்பா?"

"இந்த வீட்டுல எத்தனை டப்பாங்க இருக்கு?"

சின்னவர் பொத்தானைத் தப்பான துளையில் போட்டார். "அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்மா."

"பார்க்கவா?"

"இல்ல. கொடுத்துட்டேன். காலையில, நீ போனப்புறம். புதுக் கடை திறக்கிறார். அவர்கிட்ட இல்லாதது எங்கிட்ட என்ன இருக்கு? இது ஒண்ணுதான்."

"அது உங்ககிட்டயா இருந்துச்சு?"

"உன் பேர்லதான் கொடுத்தேன்" என்றார் சின்னவர், அது ஒரு சமாதானம் என்று நினைத்து. "நீ கொடுக்கச் சொன்னதாத்தான் சொன்னேன். 'அவளா கொடுத்தா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவருக்கு. இதோட எல்லாம் தீர்ந்துடும்னு நினைச்சேன்."

அரம் காலி டப்பாவை மூடி வைத்தாள். "அப்போ உங்க வாயால நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. சின்னவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

பொடி படிந்த லேப் அங்கியோடே கிளம்பினாள். சின்னவர் தப்பாகப் போட்ட பொத்தானோடு பின்னால் ஓடினார்.

புதுக் கடையில் ரிப்பன் வெட்டி முடிந்திருந்தது. தண்ணீர் வராத குழாய்கள், யாரும் குளிக்காத குளியலறைகள், அவற்றுக்கு நடுவே நாற்காலி போட்டு விருந்தாளிகள் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வெள்ளைச் சட்டையில் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். கையில் எட்டுப்பட்டைக் கடிகாரம். அசல் இல்லை; இவளுடையது. யாரோ ஒருவரிடம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வந்துட்டியா! இதோ, இவதாங்க. என் தம்பி சம்சாரம். செஞ்ச கை இதுதான்."

"மாமா, அதைக் கழட்டுங்க" என்றாள் அரம்.

"ஏம்மா, சாவி கொடுக்கணுமா? காலையிலேயே கொடுத்துட்டேனே."

"நான் அதை உங்களுக்குக் கொடுக்கல. எனக்குத் தெரியாம எடுத்துக் கொடுத்திருக்காரு. கழட்டுங்க."

குளிர்பானம் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. ஓரகத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஏண்டி, நல்ல நாள் அதுவுமா இத்தனை பேர் முன்னாடி! கொடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குற வம்சம் எங்கயாவது உண்டா?"

"நான் கொடுத்திருந்தா அது கொடுத்த பொருள். கொடுக்காம வந்தா அதுக்கு என்ன பேருக்கா? திருட்டுப் பொருள்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். சின்னவர் சுவரில் பதித்திருந்த டைல்ஸின் இடைவெளியைப் பார்த்தார். அதில் பெரியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் வாரைக் கழற்ற முயன்றார். சிமென்ட்டிலும் கல்லிலும் பழகித் தடித்த விரல்கள், கொக்கி பிடிபடவில்லை. உதவிக்கு யாரும் வரவில்லை. அரம் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றாள். கழற்றியதை அவர் இரண்டு கையாலும் அவள் கையில் வைத்தார்.

"காலையில இருந்து அந்த மூலையைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "டைல்ஸ்ல மூலை சேர்க்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவளுக்கு அந்த நொடி ஒன்றும் வரவில்லை. வராததே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. வாயில் வந்த வார்த்தையை எடுத்து எறிந்தாள்: "உங்ககிட்டதான் யாரும் தொடக்கூடாத கடிகாரம் ஒண்ணு இருக்கே மாமா. அதையே பாருங்க."

கட்டிக்கொள்ளும்போதுதான் பார்த்தாள், வாரின் நுனியில் புதிதாக ஒரு துளை. அவர் மணிக்கட்டுக்காக ஆணியால் அடித்த துளை. தோல் பிய்ந்திருந்தது.

"இனிமே அந்தக் கீழ் வீட்டுல உனக்கு இடமில்ல" என்று முதுகுக்குப் பின்னால் ஓரகத்தி கத்தினாள். இருபது வருஷமாகச் சொல்லாமல் சொல்லிவந்ததை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"இருன்னு காலைப் பிடிச்சாலும் இருக்கமாட்டேன்."

அந்த மாதமே லேபுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை பார்த்துக் குடிபோனாள். சின்னவர் கொஞ்ச நாள் மாடிக்கும் கீழுக்கும் நடுவே தனியாக இருந்து பார்த்தார். அண்ணி அவரிடம் பேசவில்லை, சோறு மட்டும் தட்டில் விழுந்தது. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வந்தார். "உள்ள வாங்க" என்று சொன்னாள். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் குடோன் வேலைக்குத் தொடர்ந்து போனார். பெரியவர் அவரைப் போகச் சொல்லவில்லை. கணக்கு வழக்குக்கு மட்டும் பேசினார்கள்.

மகள் வந்து பார்த்தாள். "ஒரு கடிகாரத்துக்காக இவ்வளவா?" என்று கேட்டாள். "கடிகாரத்துக்காகன்னு யாருடி சொன்னா?" என்றாள் அரம். 

ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அவளாகக் கேட்டாள்: "உங்கண்ணன் இப்போ அந்தப் பெரிய கடிகாரத்தைத்தான் கட்டுறாராக்கும்?"

சின்னவர் தயங்கினார். "இல்ல. அதைப் பெட்டியிலேயே வெச்சுட்டார். வெறுங்கையோடதான் இருக்கார். யாராவது மணி கேட்டா சுவத்தைப் பார்த்துச் சொல்றார்."

அரம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "டைல்ஸ் கடைக்கு மணி எதுக்கு" என்றாள். அன்று சாப்பாட்டில் உப்பில்லை. சின்னவர் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அடுத்த வெயில் காலத்தில் லேபுக்கு ஒரு பல் அச்சு வந்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. டாக்டர்கள் பெயர் அனுப்புவதில்லை, எண் மட்டும்தான். அவளுக்குப் பெயர் எதற்கு? சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து இருபது வருஷமாக ஓரகத்தியின் அந்தப் பல்வரிசை சிரிப்பதைப் பார்த்தவள். இடது பக்கம் லேசாக ஏறிய கோரைப்பல், நடுவில் நூல் போகிற சந்து, எல்லாம் அப்படியே வெள்ளை மாவில் பல்லிளித்துக்கொண்டு நின்றன. வேறு ஆளிடம் தள்ளிவிடலாம் என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

ஒரு நிறம் மஞ்சளாகச் சுட்டால் போதும். ஊரில் எவனுக்கும் காரணம் தெரியாது, ஆனால் பார்க்கிறவன் கண் அந்தப் பல்லிலேயே போய் நிற்கும். இல்லையென்றால் ஒரு முடி அளவு நீட்டிவிடலாம். பேசும்போதெல்லாம் உதட்டில் இடிக்கும். அவள் விரலுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சாயத் தட்டுகளை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். மூன்று தடவை சுட்டு, இரண்டு தடவை அழித்தாள். நுனியில் இருக்கும் அந்த மங்கலான நீலம், கழுத்தருகே மெல்லிய காவி, பக்கத்துப் பல்லில் இருந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு கீற்றுவரை இழுத்தாள். சாப்பாட்டு வேளையும் போய்விட்டது. லேப் ஓனர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"யாரோடதும்மா? இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்றே. சொந்தக்காரங்களா?"

"சொந்தம்தான்."

"அதான் இந்த உபசாரமா?"

"உபசாரமாவது மண்ணாவது" என்றாள் அரம், பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடியே. "கொஞ்சம் கோணலாப் போச்சுன்னா திரும்ப எங்கிட்டதான் வரும். இந்த வாயை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

பல் திரும்பி வரவில்லை.